மீனவர் நலத்திட்டங்களை முழுமையாகப் பெறுவது எப்படி? கும்பளங்கி மீனவர்களுக்கான வழிகாட்டி

கொச்சி: கேரள மாநிலம் எர்ணாகுளம் மாவட்டத்தில் காயல் சூழ்ந்த கும்பளங்கி, சீன வலைகளுக்கும் மாதிரிச் சுற்றுலாக் கிராமம் என்ற பெயருக்கும் அறியப்பட்டது. இங்கு மீன்பிடித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு மத்திய, மாநில அரசுகளின் பல திட்டங்கள் உள்ளன. உரிய காலத்தில் பதிவு செய்யாததாலும், ஆவணக் குறைபாடுகளாலும் தகுதியுடையோரே பயனை இழக்க நேரிடுகிறது.

முதற்படி உறுப்பினர் பதிவு

கேரள மீனவர் நலநிதி வாரியத்தில் உறுப்பினராவதே பெரும்பாலான உதவிகளுக்கு அடிப்படை. மீன்சார் தொழில்களில் ஈடுபடும் பெண்களும் அனுபந்தத் தொழிலாளர்களாகப் பதிவு செய்யலாம். ஆண்டுச் சந்தாவை நிலுவையின்றிச் செலுத்திவர வேண்டும்.

பஞ்ச மாத நிவாரணம்

சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாயைத் தவணைகளாகச் செலுத்துகிறார். மத்திய, மாநில அரசுகள் தலா 1,500 ரூபாய் சேர்க்கின்றன. மொத்தம் 4,500 ரூபாய், மீன்வரத்து குறையும் மாதங்களில் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். தவணைகளை முழுமையாகச் செலுத்துவது அவசியம். தமிழகத்திலும் இத்திட்டம் நடைமுறையில் உள்ளது; அங்கு மீன்பிடித் தடைக்கால நிவாரணம் தனியே வழங்கப்படுகிறது.

விபத்துக் காப்பீடு

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின்கீழ் 18 முதல் 70 வயது வரையிலான மீனவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு உண்டு. மீனவர் பிரீமியம் செலுத்த வேண்டியதில்லை.

• உயிரிழப்பு அல்லது நிரந்தர முழு ஊனம்: 5 லட்சம் ரூபாய்
• நிரந்தரப் பகுதி ஊனம்: 2.5 லட்சம் ரூபாய்
• விபத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால்: 25,000 ரூபாய் வரை

விபத்துக்குப் பின் பெயரைச் சேர்க்க இயலாது. எனவே பட்டியலில் பெயர் இருப்பதை முன்னரே உறுதிசெய்துகொள்ள வேண்டும். உயிரிழப்பு நேர்ந்தால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுதாரர் விவரம் ஆகியவை இழப்பீடு பெற உதவும். இவற்றைக் குடும்பத்தினரும் அறிந்திருத்தல் நன்று.

குறைந்த வட்டிக் கடன்

கிசான் கடன் அட்டை வசதி 2018-19 முதல் மீனவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. வட்டி 7 சதவீதம். உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோருக்கு 3 சதவீதச் சலுகை கிடைப்பதால் 4 சதவீதமாகக் குறையும். தவணை தவறினால் இச்சலுகை கிடைக்காது.

ஓய்வூதியம்

ஓய்வூதியம் பெறுவோர், அரசு அறிவிக்கும் காலக்கெடுவுக்குள் அட்சயா மையங்களில் 'மஸ்டரிங்' எனப்படும் உயிர்வாழ் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். தவறினால் தொகை நிறுத்தப்படலாம்.

கவனிக்க வேண்டியவை

• ஆதார், வங்கிப் புத்தகம், உறுப்பினர் அட்டை மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும்.
• வங்கிக் கணக்குடன் ஆதார் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.
• வாரிசுதாரர் பெயரைப் பதிவு செய்வதுடன், திருமணம், மரணம் போன்ற மாற்றங்களுக்குப் பின் புதுப்பிக்க வேண்டும்.
• விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டைப் பாதுகாக்க வேண்டும்.

கூடுதல் விவரங்களை அப்பகுதி மத்ஸ்ய பவன் அலுவலகத்தில் பெறலாம்.