இரண்டு செருகிடங்கள்: கணினியில் நினைவகமும் சேமிப்பகமும் பிரிந்த வரலாறு

புதிய மேசைக் கணினி வாங்கச் செல்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியவற்றுள் இரண்டு, ரேம் எத்தனை ஜிபி என்பதும் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. எத்தனை ஜிபி என்பதும் ஆகும். இரண்டும் தகவலை வைத்திருக்கும் உறுப்புகளே, இரண்டும் ஒரே பெயருள்ள அலகால் அளக்கப்படுபவையே. ஆயினும் ஒன்று நினைவகம் என்றும் மற்றது சேமிப்பகம் என்றும் வழங்கப்பட்டு, தனித்தனி விலையில், மதர்போர்டின் தனித்தனிச் செருகிடங்களில் பொருத்தப்படுகின்றன. செயலியின் வேகத்துக்கு ஓரளவு ஈடுகொடுத்து, மின்சாரம் நின்றதும் உள்ளதை இழந்துவிடுவது நினைவகம். மின்சாரம் இல்லாதபோதும் உள்ளதைக் காத்து, கேட்கும்போது மெதுவாக எடுத்துத் தருவது சேமிப்பகம். இந்தப் பிரிவினையைக் கணினியின் இயல்பு என்றே பலரும் கருதிவருகின்றனர். உண்மையில் அது, வேகமும் கொள்ளளவும் மலிவும் ஒரே பொருளில் கூடிவராத நிலையில் 1940களின் பொறியாளர்கள் செய்துகொண்ட சமரசமாகும். அதன் விளைவைத்தான் இன்றைய வாங்குபவரும் தம் விலைப்பட்டியலில் இரு வரிகளாகக் காண்கிறார்.

அந்தச் சமரசத்தை முதன்முதலில் தெளிவாக எழுத்தில் வைத்தவர்கள் பிரின்ஸ்டனில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்தில் கணினி ஒன்றைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த ஆர்தர் பர்க்ஸ், ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், ஜான் வான் நியூமன் ஆகியோர் எனலாம். கேட்ட எதையும் கணத்தில் தரும், எல்லையற்ற கொள்ளளவுள்ள ஒரே நினைவகம் இருப்பதே சிறந்தது என்றும், அது கைகூடாது என்பதால் சிறியதும் வேகமானதுமான ஒன்றை அடுத்துப் பெரியதும் மெதுவானதுமான இன்னொன்று என நினைவகங்களைப் படிப்படியாக அமைக்க வேண்டும் என்றும் 1946 ஜூன் மாத அறிக்கையில் அவர்கள் வாதிட்டனர். அடுப்பருகே அஞ்சறைப்பெட்டியும் பின்கட்டில் குதிருமாக வீட்டுப் பொருள்களை வைத்துப் புழங்கிய முறையின் நியாயம்தான் இதற்கும் அடிப்படை.

அக்காலத்து அஞ்சறைப்பெட்டிகள் மிகச் சிறியவையாக இருந்தன. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1948 ஜூன் 21 அன்று முதல் நிரலை இயக்கிய சோதனைக் கணினி, பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் இருந்ததைப் போன்ற எதிர்மின்வாய்க் குழாயின் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாக 1,024 பிட்டுகளை வைத்திருந்தது. ஆம் அல்லது இல்லை என்னும் ஒற்றை விடைக்கு ஈடான, தகவலின் மிகச் சிறிய அலகே பிட். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில், பாதரசம் நிரப்பிய குழாய்களின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒலியலைகளாகத் தகவல் ஓடிக்கொண்டே இருந்தது. இவ்விரண்டும் நம்பகமற்றவையாகவோ மெதுவானவையாகவோ இருந்ததால், நிலையான தீர்வுக்கான தேடல் தொடர்ந்தது.

தீர்வு காந்த வளையத்தில் கிடைத்தது. ஆர்வர்டில் ஆன் வாங் செய்த ஆய்வுகளையும், எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டரின் குழு செய்த ஆய்வுகளையும் அடியொற்றி, ஃபெரைட் என்னும் காந்தப் பீங்கானால் செய்த சிறு வளையங்களாலான நினைவகம் 1953இல் வேர்ல்விண்டு கணினியில் பொருத்தப்பட்டது. வளையம் ஒரு திசையில் காந்தமேற்றப்பட்டிருந்தால் ஒன்று, எதிர்த்திசையில் இருந்தால் சுழியம். கட்டில் பின்னலைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகள் சந்திக்கும் இடந்தோறும் ஒரு வளையம் கோக்கப்பட்டிருக்கும். குறுக்குக் கம்பி ஒன்றிலும் நெடுக்குக் கம்பி ஒன்றிலும் தேவையான மின்னோட்டத்தில் பாதியை மட்டும் செலுத்தினால், அவ்விரண்டும் சந்திக்கும் ஒரேயொரு வளையத்தில்தான் முழு மின்னோட்டத்தின் விளைவு ஏற்பட்டு அதன் காந்தத் திசை புரளும். படிப்பதற்கும் வளையத்தைப் புரட்டித்தான் பார்க்க வேண்டும் என்பதால், படித்ததை உடனே திரும்ப எழுதியாக வேண்டும். இந்தப் பின்னலைப் பெரும்பாலும் பெண் தொழிலாளர்களே உருப்பெருக்கியின் கீழ் ஊசியும் கம்பியுமாகக் கையால் கோத்தனர் என்பதும், ஏறக்குறைய இருபது ஆண்டுக்காலம் உலகின் கணக்குகளும் விண்வெளிப் பயணக் கணிப்புகளும் அவர்களுடைய விரல்களின் மீது நின்றன என்பதும் கணினி வரலாறுகளில் உரிய இடம் பெற்றாக வேண்டிய செய்திகளாகும். மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தானே உருவாக்கி 1960இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த டிஃப்ராக் கணினியிலும் 2,048 சொற்களைக் கொள்ளும் ஃபெரைட் வளைய நினைவகமே இடம்பெற்றது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். காந்த வளையம் மின்சாரம் நின்ற பின்னும் தன் திசையை மறப்பதில்லை. ஆகவே அந்த இருபது ஆண்டுகளில் நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பிரித்தது மறதி அன்று, விலையே பிரித்தது. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு வளையமும் அதைக் கோக்க மனித உழைப்பும் தேவைப்பட்டதால், ஒரு நிறுவனத்தின் முழுக் கணக்கையும் வளையங்களில் வைத்திருப்பது எண்ணிப்பார்க்க முடியாத செலவாக இருந்தது. மறப்பது நினைவகம், மறக்காதது சேமிப்பகம் என்று இன்று பாடநூல்கள் தரும் இலக்கணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதே.

பின்கட்டுக் குதிராக முதலில் காந்த நாடாவும் காந்த உருளையும் பயன்பட்டன. நாடாவில் நடுவிலுள்ள ஒரு பதிவைப் பார்க்க வேண்டுமானால் தொடக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு வர வேண்டும். உருளையில் இடம் போதவில்லை. ரெனால்ட் ஜான்சன் தலைமையில் சான் ஓசேயில் இயங்கிய ஐ.பி.எம். ஆய்வகம் இதற்கு மாற்றாக உருவாக்கி 1956 செப்டம்பரில் அறிவித்த ராமாக் கணினியில்தான் வன்வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், வணிக உலகுக்கு வந்தது. ஏறத்தாழ 61 செ.மீ. விட்டமுள்ள 50 அலுமினிய வட்டுகள் ஒரே அச்சில் அடுக்கப்பட்டு, நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன; படிக்கும் தலை தாங்கிய கை ஒன்று அடுக்கின் பக்கவாட்டில் மேலும் கீழும் ஏறி இறங்கி, வேண்டிய வட்டின் இடைவெளிக்குள் நுழைந்து, அழுத்தக் காற்றால் பரப்பைத் தொடாமல் நின்று படித்தது. ஒரு டன்னுக்கு மேல் எடையிருந்த இந்த அமைப்பின் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரு நிழற்படம் அளவே. கணினி முழுவதற்கும் மாத வாடகை 3,200 டாலர். ஆயினும் எந்தப் பதிவையும் ஒரு நொடிக்குள் நேரடியாக எடுக்கலாம் என்ற அந்த ஒரு திறனுக்காகவே நிறுவனங்கள் அந்த வாடகையைக் கொடுத்தன.

வேகமான சிறியதும் மெதுவான பெரியதும் அருகருகே வந்தபின், இவ்விரண்டையும் ஒன்றுபோலக் காட்டும் முயற்சி எழுந்தது. மான்செஸ்டரில் டாம் கில்பர்ன் குழுவினர் உருவாக்கி 1962இல் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணினி, நிரலைப் பக்கங்களாகப் பகுத்து, அப்போதைக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் வளைய நினைவகத்திலும் ஏனையவற்றைக் காந்த உருளையிலும் வைத்து, தேவைக்கேற்பத் தானே இடம் மாற்றிக்கொண்டது. மெய்ந்நிகர் நினைவகம் எனப்படும் இம்முறை, பல பத்தாண்டுகள் கழித்து வீட்டுக் கணினிகளின் நடத்தையை விளக்கவிருந்தது.

ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்ட் 1966இல் எண்ணி 1968இல் காப்புரிமை பெற்ற டி-ரேம், வளையப் பின்னலை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும் என்பதே அதன் சுருக்கம். மின்தேக்கியில் ஏற்றிய மின்னூட்டம் ஓட்டைப் பானையின் நீர்போலக் கசிந்துவிடுவதால், நினைவகம் முழுவதையும் நொடிக்குப் பலமுறை படித்து மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ரேம்களில் இதற்கு நெடுங்காலம் வகுக்கப்பட்டிருந்த காலவரை பொதுவாக 64 மில்லிநொடி. மின்சாரம் நின்றால் நிரப்புவது நிற்கும், உள்ளதெல்லாம் போய்விடும். 1970இல் இன்டெல் வெளியிட்ட, 1,024 பிட்டுகள் கொண்ட 1103 சில்லு விலையில் வளையத்தை வென்றதோடு, நினைவகத்துக்கு மறதி என்னும் குணம் நிலையாகச் சேர்ந்தது. கெட்டுப்போன நிரலின் நினைவகப் பதிவைக் ‘கோர் டம்ப்’ என்று நிரலாளர்கள் இன்றும் குறிப்பிடுவது, மறைந்த அந்த வளையங்களின் பெயரால்தான்.

நினைவகமும் சேமிப்பகமும் தனிமனிதர் தேர்ந்து வாங்கும் பொருள்களானது 1980களில். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் செயலிக்கு 20 முகவரிக் கம்பிகள் இருந்ததால் 10,48,576 பைட்டுகளுக்கு மேல் அதனால் சுட்ட இயலவில்லை. அதிலும் நிரல்களுக்குக் கிடைத்தது 640 கேபி மட்டுமே. 1983இல் வந்த எக்ஸ்.டி. மாதிரியில் 10 எம்பி வன்வட்டும் சேர்ந்தது. முகவரிக் கம்பி ஒன்று கூடும்போதெல்லாம் சுட்டக்கூடிய அளவு இரட்டிப்பதால் நினைவகம் இரண்டின் அடுக்குகளில் வளர்ந்தது. சுழலும் வட்டுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லாமையால் அதன் உற்பத்தியாளர்கள் பத்தின் அடுக்குகளில் எண்ணினர். 500 ஜிபி என அச்சிட்ட வன்வட்டை விண்டோஸ் ஏறக்குறைய 465 ஜிபி என்று காட்டுவதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக நினைத்த வாங்குபவர்கள் எண்ணற்றோர். அங்கே நேர்ந்தது மோசடி அன்று. இரு வேறு குலங்களின் இரு வேறு கணக்குமுறை ஒரே பெட்டிக்குள் சந்தித்ததே.

விலையைப் பொறுத்தவரை, வாங்குபவரின் தேவையைக் காட்டிலும் தொலைதூரத்து ஆலைகளில் நிகழ்ந்தவையே தேர்வை மிகுதியும் தீர்மானித்துவந்துள்ளன. ஜப்பானின் நீஹாமாவில் சில்லுகளை மூடும் பிசினைப் பெருமளவில் உற்பத்திசெய்த ஆலை 1993 ஜூலையில் வெடித்தபோது, உலகெங்கும் ரேம் விலை ஏறியது. முன்னணி உற்பத்தியாளர்கள் சிலர் கூடிப்பேசி விலையை உயர்த்தியதாக அமெரிக்க நீதித்துறை தொடுத்த வழக்கில், சாம்சங் 2005இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் செலுத்த இசைந்தது. 2011இல் தாய்லாந்தின் வெள்ளம் பாங் பா-இன் போன்ற தொழிற்பேட்டைகளை மூழ்கடித்தபோது வன்வட்டு விலை பல நாடுகளில் ஏறக்குறைய இருமடங்கானது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலோ டெல்லியின் நேரு பிளேஸிலோ உதிரிபாகங்களை வாங்கிக் கணினியை ‘அசெம்பிள்’ செய்துகொண்டவர்களும் இந்த ஏற்ற இறக்கங்களுக்குத் தப்பவில்லை. தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தில் 1997இல் இந்தியா இணைந்து, பட்டியலிட்ட பொருள்களுக்கான சுங்க வரி 2005க்குள் படிப்படியாக நீங்கியதால்தான் அவர்களின் சுமை ஓரளவு குறைந்தது.

விலைக்கு அஞ்சி ரேமைக் குறைத்து வாங்கியவர்கள் அட்லஸ் வகுத்த வழியின் மறுபக்கத்தைக் கண்டனர். நினைவகம் போதாதபோது இயங்குதளம் பக்கங்களை வட்டுக்கு அனுப்பியும் திரும்ப அழைத்தும் திணறும். பெட்டிக்குள் வட்டு கரகரவென ஓயாது ஒலிக்க, திரை உறைந்து நிற்கும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது 8.33 மில்லிநொடி, தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், நினைவகத்தைப் போல ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு தாமதம். நினைவகம் பதில் தர ஒரு நொடி ஆகிறதென்று கொண்டால், வட்டு பதில் தர ஒரு நாளுக்கு மேல் ஆகும். தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா 1980களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம், நகரும் உறுப்பு எதுவுமின்றி, மின்காப்பால் சூழப்பட்ட இடத்தில் மின்னூட்டத்தைச் சிறைவைப்பதால் மின்சாரமின்றியும் மறப்பதில்லை. அதைக் கொண்டு செய்த எஸ்.எஸ்.டி. அந்த ஒரு நாளைச் சில நிமிடங்களாகச் சுருக்கியது. எனவே புதிய கணினிக்கு, அன்றாடம் திறக்கும் நிரல்கள் அனைத்தும் ஒருசேரத் தங்குமளவு ரேமும், இயங்குதளத்துக்கு எஸ்.எஸ்.டி.யும் முதலில் அமையட்டும். படங்களும் காணொளிகளும் மிகுந்திருந்தால் மட்டும் சுழலும் வட்டைச் சேர்த்தால் போதும் என்பதே இந்த வரலாறு தரும் தீர்ப்பு.

எஸ்.எஸ்.டி. வந்தும் பிரிவினை முடியவில்லை. ரேமுக்கு நெருங்கிய வேகமும் ஃபிளாஷின் மறவாமையும் ஒருங்கே உடையது என்று இன்டெல்லும் மைக்ரானும் 2015இல் அறிவித்து, பின்னர் ஆப்டேன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த புதுவகை நினைவகம், வேகத்தில் ரேமையும் மலிவில் ஃபிளாஷையும் எட்டவில்லை. அதை உற்பத்திசெய்துவந்த யூட்டா மாநிலத்தின் லீஹை ஆலையை மைக்ரான் 2021இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்கு விற்றது. மறு ஆண்டு ஜூலையில் ஆப்டேன் தொழிலைக் கைவிடுவதாக இன்டெல் அறிவித்தது.