இரு தேசியங்களுக்கு இடையே

முதலில் தேச விடுதலை, பின்னர் தனிமனித விடுதலை என்னும் வாதம் உலகின் பல போராட்டங்களில் ஒலித்ததுண்டு. பாலஸ்தீன, இஸ்ரேலியத் தன்பாலீர்ப்பினரின் வரலாறு அவ்வரிசைமுறையையே வினாவுக்கு உட்படுத்துகிறது.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் அந்நியர் சட்டமொன்று நிற்கிறது. பிரிட்டிஷ் ஆட்சி 1936இல் பாலஸ்தீனத்தில் பிறப்பித்த குற்றவியல் சட்டம், ஆண்களுக்கிடையிலான உடலுறவைத் தண்டனைக்குரியதாக்கிற்று. 1948க்குப் பின்னரும் அது இஸ்ரேலிலும் காஸாவிலும் நிலைத்தது. மேற்குக் கரையை இணைத்துக்கொண்ட ஜோர்தானோ 1951இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் அக்குற்றத்தைச் சேர்க்கவில்லை. இஸ்ரேல் அப்பிரிவை நீக்கியது 1988இல்தான். எனவே, முற்போக்கு இஸ்ரேல், பிற்போக்கு அரபுலகம் என இருகூறாக்கிக் காண்பது வரலாற்றோடு பொருந்தாது. ஆயினும் சட்டத்தில் குற்றமின்மை வேறு, சமூகத்தில் அச்சமின்மை வேறு. மேற்குக் கரையில் முன்னது இருந்தும் பின்னது வாய்க்கவில்லை.

இஸ்ரேலில் 1975இல் அகுதா சங்கம் தோன்றியது. 1992இல் வேலையிடப் பாகுபாடு தடைசெய்யப்பட்டது. 1993இல் இராணுவக் கட்டுப்பாடுகள் அகன்றன. 1994இல் எல் அல் விமானப் பணியாளர் ஒருவரின் ஆண் துணைவருக்கும் பயணச்சீட்டுச் சலுகை உண்டென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'நாங்களும் நாட்டைக் காக்கும் படைவீரரே' என்னும் முறையீடு இவ்வெற்றிகளுக்குத் துணைநின்றது. அவ்வாயிலில் பாலஸ்தீனருக்கு இடமில்லை. யூதருக்குள்ளும் முழு இசைவு இருந்ததில்லை. ஜெருசலேம் ஊர்வலத்தில் 2005இல் மூவரைக் குத்திய தீவிர மதப்பற்றாளர், சிறைமீண்ட சில வாரங்களில், 2015இல் மீண்டும் தாக்கி 16 வயது மாணவி ஒருத்தியைக் கொன்றார்.

ஆக்கிரமிப்பில் பெருமிதம் இல்லை என்று கூறி, 2001இல் டெல் அவிவ் ஊர்வலத்தில் கறுப்புடை அணிந்து நடந்தது 'கறுப்புச் சலவை' என்னும் குழு. அவ்வாண்டிலேயே ஜெருசலேமின் இஸ்ரேலிய அமைப்பொன்றின் உள்ளே 'அல்-கவ்ஸ்' முளைத்தது, 2007இல் தனித்தியங்கலாயிற்று. ஹைஃபாவில் பாலஸ்தீனப் பெண்கள் 'அஸ்வாத்' என்னும் குழுவைக் கண்டனர். 'குரல்கள்' என்பது அதன் பொருள்.

இவர்களை இருபுறமும் ஐயம் சூழ்ந்தது. 2014இல் இஸ்ரேலிய உளவுப்பிரிவின் 43 சேமப்படையினர், பாலஸ்தீனரின் பாலீர்ப்பு போன்ற அந்தரங்கச் செய்திகள் அவர்களை மிரட்டி உளவாளிகளாக்கப் பயன்படுவதாக வெளிப்படுத்திப் பணிபுரிய மறுத்தனர். அதனால் 'தன்பாலீர்ப்பினன் எனில் ஒற்றன்' என்னும் பழி மேலும் வலுத்தது. 2019 ஆகஸ்டில் பாலஸ்தீனக் காவல்துறை அல்-கவ்ஸின் கூட்டங்களுக்குத் தடை அறிவித்தது. அவை பாலஸ்தீன விழுமியங்களுக்கு முரண் என்பது அதன் கூற்று.

2023 நவம்பரில் காஸாவின் இடிபாடுகளிடையே வானவில் கொடி ஏந்தி நின்ற இஸ்ரேலியப் படைவீரரின் படத்தை இஸ்ரேல் அரசே பரப்பியது. அவ்விடிபாடுகளின் அடியில் மாண்டோருள் அக்கொடிக்கு உரியோரும் இருந்திருப்பர். ஒரு தேசியம் அவர்களைத் தன் நற்சான்றாக்கியது. மற்றது தன் களங்கமாகக் கருதியது. நற்சான்றாகவும் களங்கமாகவும் அன்றி, மனிதராகவும் பாலஸ்தீனராகவும் ஒருங்கே வாழ்வதையே அவர்கள் கோரினர். அவ்விரண்டில் எதையும் 'பின்னர்' என்று ஒத்திவைக்க அவர்களால் இயலவில்லை.