வலைகளை இணைத்த வரலாறு

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மிற் பலர், ஊருக்கு விடுக்கும் மடலின் உள்ளே தமிழிலும், உறையின் மேலே அவ்வூர் அஞ்சலகத்தார் படிக்கத்தக்க எழுத்திலும் எழுதிப் பழகியவர்கள். உள்ளே இருப்பது எம்மொழி என்று அஞ்சலகம் வினவுவதில்லை; மேல்விலாசம் விளங்கினாற் போதும். இன்று உலகைச் சூழ்ந்துள்ள இணையமும் இவ்வெளிய நெறியின்மீதே எழுந்தது. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஒன்று, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக் கணிப்பொறிக்கு முதற்செய்தி விடுத்தது. இரண்டு எழுத்துக்கள் சென்ற அளவில் எதிர்முனைப் பொறி செயலிழந்தது. 'அர்ப்பாநெட்' என்னும் வலை இங்ஙனம் தொடங்கிற்று. சில ஆண்டுகளில், கம்பிவழிச் சென்ற இவ்வலையையன்றி, வானொலி அலைவழி ஒன்றும் செயற்கைக்கோள்வழி ஒன்றுமாக வேறு வலைகளும் தோன்றின. செய்தியைச் சிறு பொட்டலங்களாகப் பகுத்தனுப்புவதில் அவை ஒத்திருந்தன. பொட்டலத்தின் அளவு, விரைவு, பிழைநீக்கும் முறை ஆகியவற்றில் வேறுபட்டன. ஒன்றன் வழக்கு மற்றொன்றுக்கு விளங்கவில்லை.

எல்லா வலைகளையும் ஒரே அச்சில் வார்த்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பே. ராபர்ட் கான், விண்டன் செர்ஃப் என்னும் அறிஞர் இருவரும் அவ்வழியை நாடவில்லை. 1974 மே மாதத்தில் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் வேறொரு நெறி வகுத்தனர். ஒவ்வொரு வலையும் தன் வழக்கப்படியே இயங்கலாம். வலைகள் சந்திக்கும் எல்லையில் 'கேட்வே' என்னும் வாயிற்பொறி நின்று, பொதுவிலாசத்தைப் படித்து, பொட்டலத்தை அடுத்த வலைக்கேற்ற உறையிலிட்டு அனுப்பும். உட்பொருளை அறிவதும், வழியில் தொலைந்ததை மீண்டும் அனுப்புவதும் இருமுனைக் கணிப்பொறிகளின் கடமை.

மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்ட நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளையும் இரண்டிரண்டாக இணைக்கப் புகுந்தால் 231 இணைகள் வேண்டும். பொதுவழி ஒன்று அமையுமாயின் மொழிக்கு ஓர் இணைப்பே போதும்.

1977 நவம்பர் 22 அன்று, கலிபோர்னியச் சாலையில் ஓடிய வண்டியொன்றிலிருந்து புறப்பட்ட செய்தி, மூவகை வலைகளையும் கடந்து, ஐரோப்பா சென்று லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மீண்டது. 1983 ஜனவரி 1-ஆம் நாள் அர்ப்பாநெட்டும் தன் பழைய நெறியைக் கைவிட்டுப் பொதுநெறியை ஏற்றது. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 முதல் பொதுமக்களுக்கும் இணையம் திறந்தது.

ஆயினும் ஒரு குறை நேர்ந்தது. பொதுவிலாசத்துக்கு 32 பிட்டுகளே ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றால் அமையும் விலாசங்கள் ஏறத்தாழ 430 கோடி. 2011 பிப்ரவரியில் அவற்றின் மையக் கையிருப்பு தீர்ந்துபோயிற்று. 128 பிட்டு விலாசமுடைய புதுநெறி 1995-லேயே வகுக்கப்பட்டிருந்தது. ஆனால், பழையதை மட்டும் அறிந்த பொறியோடு அது நேரே உரையாட இயலாது. ஆகவே இரண்டையும் ஒருங்கே சுமந்தும், இடையே பெயர்ப்புப் பொறிகளை நிறுத்தியும் காலம் கழிகிறது. முப்பது ஆண்டுகளாகியும் மாற்றம் முற்றுப்பெறவில்லை.

நாளைய வலையை வகுப்போர் இதனை மறத்தலாகாது. புதிய வலை எத்துணைச் சிறந்ததாயினும், பழைய வலையிலுள்ளாரோடு பேச வகையற்றதாயின், அதனுள் தனியே குடிபுக எவரும் முன்வரார். தொலைவில் வாழும் நமக்கு, ஊரிலுள்ளார் குரல் எட்டுவதன்றோ முதற்பயன்?