வியர்வையை நிறுத்தும் மருந்தின் பெயர்

கல்லூரியில் முதலாண்டு பயின்றபோது, பழைய மருந்தியல் நூல் ஒன்றில் ‘அன்ஹிட்ராட்டிக்’ என்றொரு சொல்லைக் கண்டேன். அதிலுள்ள ‘ஹிட்ரோ’வை ‘ஹைட்ரோ’ என்று படித்து, உடலின் நீரை வற்றச்செய்யும் மருந்து போலும் என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். ஆங்கில எழுத்தில் இரண்டிற்கும் ஓரெழுத்தே வேற்றுமை. ஆசிரியர் அந்த ஓரெழுத்தைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்டினார். அச்சிட்ட நூல்களிலும் இப்பிழை உண்டு என்பதைப் பின்னர்க் கண்டு சற்றே ஆறுதல் அடைந்தேன்.

கிரேக்க மொழியில் ‘ஹுடோர்’ என்றால் நீர். ஹைட்ரஜனுக்குப் பெயர் தந்தது அதுவே. ‘ஹிட்ரோஸ்’ என்றால் வியர்வை. உடன்பிறப்புகள் போல ஒலித்தாலும் இவற்றின் குடி வேறு. நாம் அறிந்த வடசொற்களைக் கொண்டே இதனை விளங்கிக்கொள்ளலாம். ‘ஹுடோர்’, உதகத்திற்கு உறவு. ‘ஹிட்ரோஸ்’, வியர்வையைக் குறிக்கும் ‘ஸ்வேதம்’ என்பதற்கு உறவு. ‘ஸ்வ’ என்னும் தொடக்கம் கிரேக்கத்தில் ஹகரமாகத் திரியுமோ என்று ஐயுறுவோர் சொப்பனத்தை நினைத்துக்கொள்க. ‘ஸ்வப்னம்’ என்பதன் உறவான கிரேக்கச் சொல் ‘ஹுப்னோஸ்’, அதாவது உறக்கம். ‘ஹிப்னாட்டிசம்’ அதன் வழி வந்ததே. இலத்தீனில் ‘சூடோர்’, ஆங்கிலத்தில் ‘ஸ்வெட்’ ஆகியனவும் ஸ்வேதத்தின் சுற்றத்தாரே. முன்னிற்கும் ‘அன்’ இன்மையைக் குறிப்பது. அனாதி, அனந்தம் என்பவற்றில் காணும் அதே ‘அன்’. ஆகவே, வியர்வையை இல்லாமற் செய்வது என்பதே அச்சொல்லின் பொருள்.

ஆனால் அப்படியொரு மருந்து எதற்கு? பண்டை மருத்துவம் வியர்க்கச் செய்வதையே பெரிதும் நாடியது. சரக சம்ஹிதை நெருப்பின் துணைகொண்டு வியர்ப்பிக்கும் முறைகளில் 13 வகைகளைக் கூறுகிறது. நம் வீடுகளில் வேது பிடிப்பதும் வியர்ப்பதற்காகவே. இதற்கு மாறாக, வியர்வையை நிறுத்தும் வழியைத் தேடும்படி மருத்துவரை வருத்தியது காசநோய்.

நான் பிறப்பதற்கு முன்பே என் அத்தை ஒருவர் அந்நோயால் மாண்டார். ஒரே இரவில் மூன்று முறை அவருக்குப் புடவை மாற்றியதுண்டு என்று பாட்டியார் சொல்வார். இருமலைவிட அந்த ஈரத்தையே அவர் அதிகம் நினைவு வைத்திருந்தார்.

19-ஆம் நூற்றாண்டின் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளுக்கு ஊசியிலை மரங்களில் வளரும் அகாரிக் என்னும் காளானைக் கொடுத்தனர். பெல்லடோனாச் செடியிலிருந்து எடுத்த அட்ரோப்பினையும் கொடுத்தனர். பெல்லடோனா என்றால் இத்தாலிய மொழியில் அழகிய மங்கை. அட்ரோப்பின் என்னும் பெயரோ, உயிரின் நூலை அறுக்கும் கிரேக்க விதித் தெய்வமான அட்ரோப்பாசிலிருந்து வந்தது. ஒரே செடிக்கு இவ்விரு பெயர்களும் பொருந்தும். அளவு மிஞ்சினால் அது நஞ்சு. அளவோடு தந்தாலும் நா வறளும், கண்மணி விரியும். வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் சுரக்கின்றன என்று 1934-இல் டேலும் ஃபெல்ட்பெர்க்கும் காட்டினர். அப்பொருள் சுரப்பியைத் தூண்டாதவாறு தடுப்பதே அட்ரோப்பினின் செயல்.

ஆனால் அது காசநோய்க் கிருமியைத் தொடவில்லை. 1882-இல் ராபர்ட் காக் அக்கிருமியைக் கண்டறிந்த பின்னரும் அதைக் கொல்லும் மருந்து நெடுநாள் கிட்டவில்லை. வெறும் வியர்வையை நிறுத்தினார்களே என்று அக்கால மருத்துவர்களை எள்ளுவோர் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். சாகின்றவருக்கு ஓர் இரவேனும் உலர்ந்த படுக்கையில் உறக்கம் தருவது சிறிய உதவியன்று.

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. 1952-இல் ஐசோனியாசிட் வழக்கிற்கு வந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு நிலையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்க்கு மருத்துவ விடுதியிலும் ஓராண்டு மருந்தளித்தது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதே அளவில் தேறினர் என்னும் முடிவு 1959-இல் வெளியாயிற்று. நோய் தணிந்தபோது இரவு வியர்வையும் தானே தணிந்தது. அதற்கெனத் தனி மருந்து வேண்டியிருக்கவில்லை. அதனோடு அச்சொல்லும் பேச்சு வழக்கில் அருகியது. அக்குளில் பூசும் அலுமினிய உப்புக் களிம்புகளுக்கு வேறொரு பெயர் வழங்குகிறது.

இன்று இரவில் வியர்க்கிறது, இருமலும் இரு வாரமாக நிற்கவில்லை என்று ஒருவர் சொன்னால், மருத்துவர் பெல்லடோனாவை நினைப்பதில்லை. சளியைப் பரிசோதிக்கவே அனுப்புகிறார்.