மாணவர் விடுதியிலிருந்து நம் கூடத்து டிவிக்கு

எங்கள் பாடியில் இப்போது பல வீடுகளில் சாதாரணமாக நடக்கும் காரியம் இது. கணினியில் இருக்கும் கல்யாண வீடியோவைப் பேரன் ஒரு பொத்தானை அழுத்திக் கூடத்துப் பெரிய டிவியில் ஓடவிடுகிறான். நடுவில் ஒயர் கிடையாது. இந்த வசதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். கதையின் முக்கியமான பகுதி பிரான்சில் நடந்திருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு இதில் தனி ஈடுபாடு.

முதலில் நம் ஊர்க் கதை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-இல். டயனோரா, சாலிடேர் என்று சென்னையிலேயே டிவிப் பெட்டிகள் தயாராயின. சாலிடேர் என்பது பிரெஞ்சுச் சொல். ஒருவருக்கொருவர் துணையாகச் சேர்ந்து நிற்பது என்று பொருள். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் தெருவே ஒரு வீட்டு ஜன்னலில் சேர்ந்து நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

சரியாக 20 ஆண்டு கழித்து, 1995 ஆகஸ்ட் 15-இல், வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. பிறகு வீடுகளுக்குக் கணினி வந்து உள்ளறை மூலையில் உட்கார்ந்தது. டிவி கூடத்தில், கணினி மூலையில். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கணினியில் இருப்பதை ஒருவர்தான் பார்க்க முடியும். மற்றவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டும்.

இதே சமயத்தில் பாரிசுக்கு அருகே எக்கோல் சந்த்ரால் என்ற பொறியியல் கல்லூரியில் மாணவர்களுக்கு ஒரு குறை. விடுதியின் கணினி வலையமைப்பு மிகவும் மெதுவாக இருந்தது. அவர்களுக்கு வேகம் வேண்டியது, உண்மையில், கணினி விளையாட்டுக்காக. கல்லூரியிடம் அதற்குப் பணம் இல்லை. வெளியே உதவி தேடிப் போனபோது ஒரு யோசனை பிறந்தது. அறைக்கு அறை டிஷ் ஆன்டெனா வைப்பதற்குப் பதிலாக ஒரே டிஷ் வைத்து, வரும் நிகழ்ச்சியை வலையமைப்பு வழியாக எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பினால் என்ன? 1996-இல் தொடங்கிய அந்த மாணவர் திட்டத்தின் பெயர் வீடியோலேன்.

இதைப் புரிந்துகொள்ள நம் தண்ணீர்க் கணக்கே போதும். குடத்தில் பிடித்து வந்து, நிரம்பிய பிறகு குடிப்பது டவுன்லோடு. குழாயைத் திறந்து, வர வர குடிப்பது ஸ்ட்ரீமிங். மாணவர்கள் குழாய்க்கு இரண்டு முனை செய்தார்கள். அனுப்பும் முனை ஒரு புரோகிராம், வாங்கிக் காட்டும் முனை இன்னொன்று. வாங்கிக் காட்டுவதன் பெயர் வீடியோலேன் கிளையன்ட். அதன் சுருக்கம்தான் இன்று நம் கணினிகளில் இருக்கும் வி.எல்.சி. அதன் சின்னமான ஆரஞ்சு நிறக் கூம்பு, பாடி மேம்பாலத்தடியில் போலீஸ்காரர்கள் வைக்கும் அதே சாலைக் கூம்புதான். அந்த மாணவர் சங்கத்தார் சாலைக் கூம்புகளைச் சேர்த்து வைத்திருந்தார்களாம்.

2001 பிப்ரவரி 1-ஆம் தேதி கல்லூரி அந்தப் புரோகிராமை எல்லாருக்கும் பொதுவாக்கியது. யாரும் பயன்படுத்தலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அதில் விளம்பரம் சேர்க்கக் கோடிக்கணக்கான யூரோ தருவதாகச் சிலர் வந்தபோது மறுத்துவிட்டதாக வீடியோலேன் தலைவர் ழான்-பத்தீஸ்த் கெம்ப் சொல்லியிருக்கிறார்.

கணினியும் டிவியும் வீட்டுக்குள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டியிருந்தது. 2003-இல் சோனி, இன்டெல் முதலிய நிறுவனங்கள் கூடி டி.எல்.என்.ஏ. என்ற விதிமுறையை வகுக்கத் தொடங்கின. 2013-இல் கூகுளின் குரோம்காஸ்ட் என்ற சிறு கருவி வந்தது. டிவியின் பின்னால் செருகினால் போதும். 2018-இல் வி.எல்.சி.யின் மூன்றாம் பதிப்பிலிருந்து அந்தக் கருவிக்கு நேரடியாகப் படம் அனுப்ப முடிந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. யூடியூப் பாட்டை டிவிக்கு அனுப்பினால், நம் போன் முகவரியை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். பாட்டை இன்டர்நெட்டிலிருந்து எடுப்பது அந்தக் கருவி. நம் சொந்த வீடியோ என்றால் கணினிதான் முழுக்க அனுப்ப வேண்டும். லேப்டாப்பை மூடினால் படம் நிற்பது இதனால்தான்.

இந்த வேறுபாடு சின்னதில்லை. சென்ற ஆண்டு மாதச் சந்தா கட்டும் ஒரு சேவையில் பழைய படம் ஒன்றைப் பாதி பார்த்துவிட்டு, மறுவாரம் தேடினால் படமே இல்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். குழாய் நம் வீட்டில் இருந்தாலும் தண்ணீர் அவர்களுடையது.

2022-இல் வி.எல்.சி.க்கே ஒரு சோதனை வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி வாக்கிலிருந்து அதன் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டது. காரணம் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. அக்டோபரில் வீடியோலேன், இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற நம் நாட்டு அமைப்பின் துணையோடு அரசுக்குச் சட்ட நோட்டீஸ் அனுப்பியது. நவம்பரில் தடை நீங்கியது. அந்த மாதங்களில் ஏற்கெனவே கணினியில் வி.எல்.சி. வைத்திருந்தவர்களுக்கு எதுவும் நிற்கவில்லை. புரோகிராம் அவர்கள் கையில் இருந்தது, படங்களும் அவர்கள் கையில் இருந்தன.

எங்கள் வீட்டில் அப்படிக் கையில் இருப்பது அப்பாவின் சதாபிஷேக வீடியோ. 1991-இல் எடுத்தது. கேசட்டில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியபோது கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றினோம். அம்மா, அப்பா இருவர் குரலும் சேர்ந்து பதிவானது அது ஒன்றுதான். வீடியோக்காரரைப் பார்த்து, "நீங்க இன்னும் சாப்பிடலையே" என்று அம்மா கேட்கும் இடம் வந்தால் கூடத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அம்மாவைப் பார்த்தேயிராத கொள்ளுப்பேத்திக்கும் அந்தக் குரல் இப்போது பழக்கம்.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். அசல் ஓரிடம், நகல் வேறிடம் என்பது ஊறிப்போன பழக்கம். அந்த வீடியோவுக்கும் கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று என மூன்று நகல் இருக்கிறது. உங்கள் பரணிலும் பழைய கேசட்டுகள் கிடக்கும். பூஞ்சை முந்திக்கொள்ளும் முன் எடுத்து மாற்றிவிடுங்கள். கூடத்து டிவிக்கு அனுப்பும் வேலையைப் பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.