வந்த படகிலேயே திரும்ப வேண்டிய எண்ணெய்

பழைய ஜீப் வண்டியொன்றின் ஓட்டோமற்றிக் கியர்பெட்டியில் உள்ள எண்ணெயை முழுவதுமாகக் கழுவி மாற்றலாமா, அல்லது ஓடுவதை ஓடவிட்டுப் பேசாமல் இருப்பதா என்ற கேள்வியை அண்மைக் காலத்தில் தீவகத்து நண்பர்கள் பலரிடமிருந்து கேட்டுவிட்டேன். பஜேரோவையும் லாண்ட் குரூசரையும் எம்மவர் ஒரே பெயரில் ஜீப் என்றே அழைப்பர். பார்வைக்கு இது கராச் மேசையில் தீர வேண்டிய சிறு விடயம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அது குடிநீரில் போய் முடிகிறது. அதனாலேயே ஒரு செய்தியாளனாக இதனை எழுதத் துணிந்தேன்.

வாகனத்தைப் பேணும் பழக்கம் எமக்கு இல்லாமையிலிருந்து வந்தது. 1970 முதல் 1977 வரை நடைமுறையிலிருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளுக்கு முதற் பள்ளிக்கூடம். புதிய வாகனம் வராது. உதிரிப்பாகமும் எளிதில் கிடைக்காது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் அக்காலத்திலேயே நீண்ட ஆயுள் பெறத் தொடங்கிவிட்டன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரும் அவை வீதியை விட்டு அகலவில்லை.

இரண்டாவது பள்ளிக்கூடம் கொடியது. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை. சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் ஊற்றி இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். டீசல் இயந்திரங்களுக்கு மண்ணெண்ணெயோடு தேங்காய் எண்ணெயைக் கலந்தார்கள். புகை கண்ணைக் கரித்தது. ஆனாலும் நோயாளி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

தீவகத்தின் நிலை வேறு. 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளை அடுத்துத் தீவுகள் அரசபடையினர் வசமாகின. மக்களிற் பெருந்தொகையானோர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். நான்கு சில்லுகளும் உந்தும் வண்டி என்றால் அப்போது அங்கு படையினரின் வண்டி என்றே பொருள். 1992 ஓகஸ்ட் 8ஆம் திகதி அராலித்துறையில் கண்ணிவெடியில் சிக்கி ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ உயிரிழந்தபோது அவர் பயணித்ததும் ஒரு லாண்ட் றோவரே. இடம்பெயர்ந்து சென்ற தீவக மக்களோ குடாநாட்டில் மண்ணெண்ணெய்க் கல்வியைக் கற்றார்கள். மீள ஊர் திரும்பியபோது, ‘எந்த எண்ணெயை ஊற்றினாலும் ஓடும்’ என்ற நம்பிக்கையையும் கொண்டுவந்தார்கள்.

அந்த நம்பிக்கை ஒஸ்ரினுக்குப் பொருந்தியது. ஓட்டோமற்றிக் கியர்பெட்டிக்குப் பொருந்தாது. நான் வலியுறுத்த விரும்பும் முதல் விடயம் இதுதான்.

சாதாரண கியர்பெட்டியில் எண்ணெயின் பெருவேலை பற்சில்லுகள் தேயாமற் காப்பது. ஓட்டோமற்றிக்கில் எண்ணெயே ஒரு உறுப்பு. இயந்திரத்தின் விசையை ரோர்க் கொன்வேர்ட்டர் வழியே கடத்துவது அது. அழுத்தம் கொடுத்துக் கிளச் தட்டுகளை இறுக்குவதும், வெப்பத்தைக் கொண்டுபோய்க் குளிர்விப்பானிற் சேர்ப்பதும் அதுவே. அது வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே எண்ணெயிற் சாதிப்பது எளிதன்று. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஹைட்ராமற்றிக் கியர்பெட்டியை 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் காரில் அறிமுகம் செய்தது. அதற்கெனத் தனி எண்ணெய்த் தரம் 1949இல் வந்தது. அக்கால எண்ணெயில் விந்துத் திமிங்கிலத்தின் எண்ணெய் கலக்கப்பட்டது என்பது பலர் அறியாத செய்தி. பிடிமானத்தை அளவோடு வைத்திருக்க அது உதவிற்று. 1970இல் ஐக்கிய அமெரிக்கா அத்திமிங்கிலத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினப் பட்டியலிற் சேர்த்தபின் வேதியியலாளர்கள் மாற்று தேட வேண்டியதாயிற்று. எமது ஜீப்புகளில் இருக்கும் செந்நிற எண்ணெய் அந்தத் தேடலின் வழிவந்தது. அதற்குப் பதிலாகக் கையிற் கிடைத்த ஒயிலை ஊற்றினால், மண்ணெண்ணெய்க் கார் போல அது புகைந்து புகைந்தாவது ஓடாது. தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும்.

இனி, கழுவும் வேலைக்கு வருவோம். எண்ணெயின் மொத்தக் கொள்ளளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். பத்து லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அடித்தட்டின் ஆணியைக் கழற்றினால் நான்கு லீற்றரளவே வெளியேறும். மீதி ரோர்க் கொன்வேர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். முற்றாக மாற்ற விரும்புவோர் குளிர்விப்பானிலிருந்து திரும்பி வரும் குழாயைக் கழற்றி, இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, ஓரிரு லீற்றர் வெளியேறியதும் நிறுத்தி, அதே அளவு புதிய எண்ணெயை ஊற்றுவர். வெளிவருவது தெளிந்த சிவப்பாகும்வரை இது தொடரும். இதற்குப் பத்து லீற்றர் போதாது. பன்னிரண்டு, பதினைந்து என்று செலவாகும்.

மற்றொரு வழியும் உண்டு. நான்கு லீற்றரை வடித்து அதே அளவு புதியதை ஊற்றி, சில நாள் ஓடி, மீண்டும் அவ்வாறே செய்வது. மூன்று தடவை செய்தால் பழைய எண்ணெயில் ஐந்திலொரு பங்களவே எஞ்சும். செலவு பன்னிரண்டு லீற்றர். முதல் தடவையிலேயே அடித்தட்டை இறக்கி, அதிலுள்ள காந்தங்களைத் துடைத்து, வடிகட்டியையும் மாற்றிவிட வேண்டும். காந்தத்தில் மாப்போல் படிந்திருக்கும் இரும்புத் தூள் வழமையானது. துண்டுகள் கிடந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது.

பல்லாண்டுகள் எண்ணெய் மாற்றாத வண்டிக்கு இந்த இரண்டாவது வழியையே அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பரிந்துரைப்பர். ஏற்கனவே வழுக்கும் கியர்பெட்டி கழுவுவதால் குணமாவதில்லை. தேய்ந்த தட்டைப் புது எண்ணெய் வளர்த்துத் தராது. எண்ணெய் பாலும் ரோஜாப்பூவும் கலந்த நிறத்தில் இருந்தாற் கதை வேறு. உள்ளே நீர் புகுந்துவிட்டது என்பதே அதன் பொருள். மாரியில் நீர் நிற்கும் தாழ்ந்த வீதிகளிலும் உப்புக்காற்றில் குழாய்கள் துருப்பிடிக்கும் கரையோரங்களிலும் இது நேரக்கூடியது. அப்போது காத்திருக்கலாகாது. நீர் கிளச் தட்டுகளின் உராய்வுப் படையையும் அதை ஒட்டிய பசையையும் கெடுத்துவிடும்.

இந்தக் கணக்கெல்லாம் இன்று ஏன் இத்தனை முக்கியமாயிற்று? 2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான வழி 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறந்தது. இடையே 2022இன் எரிபொருள் நெருக்கடியையும் கண்டோம். இது மூன்றாவது பள்ளிக்கூடம். இருபது, இருபத்தைந்து வருடத்து ஜீப்பைக் கைவிட எவருக்கும் மனம் வராது; விலையும் விடாது. எண்ணெயை மாற்றுவது நியாயமே.

ஆனால் மாற்றிய பழைய எண்ணெய் எங்கே போகிறது? இதுவே என் இரண்டாவது விடயம்.

வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளால் குடாநாட்டோடு இணைந்தவை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானிலிருந்து படகேற வேண்டும். புதிய எண்ணெய் கலன்களில் படகேறி வருகிறது. பழையது திரும்பிப் போவதை நான் கண்டதில்லை. கறையானுக்கென்று மரத்தூண்களின் அடியிற் பூசுவார்கள். மிச்சத்தைக் காணியின் மூலையில் ஊற்றுவார்கள். எம் தந்தையர் காலத்துப் பழக்கம் அது. அவர்கள் காலத்தில் ஊருக்கு ஒன்றிரண்டு கார்களே இருந்தன.

தீவுகளின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்திருக்கின்றன. மழைநீர் அவற்றினூடே இறங்கி, கனமான உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்புள்ள நெடுந்தீவில் நன்னீர்க் கிணறுகள் சில இடங்களிலேயே உள்ளன. மேலே ஊற்றிய எண்ணெயைத் தடுத்து நிறுத்த அங்கு தடித்த மண்படை கிடையாது.

இது வெறும் அச்சமன்று. வலிகாமத்தில் நடந்ததை நாம் மறந்துவிட முடியாது. சுன்னாகம் மின்னிலையத்தைச் சூழ்ந்த பகுதிகளின் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் போராட்டமாக வெடித்தது. 2019இல் உயர் நீதிமன்றம், அங்கு மின்னுற்பத்தியில் ஈடுபட்ட தனியார் நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஒரு கராச் மின்னிலையம் ஆகாதுதான். ஆனால் வலிகாமத்து மக்களுக்குப் பவுசரில் தண்ணீர் கொண்டுவரத் தரைவழி இருந்தது. நெடுந்தீவுக் கிணறு கெட்டால் தண்ணீரும் கடல் கடந்தே வரவேண்டும்.

ஆகவே, கேட்ட நண்பர்களுக்கு என் பதில் இது. மாற்றுங்கள், உற்பத்தியாளர் குறித்த தரத்திலேயே மாற்றுங்கள், ஒரேயடியாகக் கழுவாமல் படிப்படியாக மாற்றுங்கள். வடித்த பன்னிரண்டு லீற்றரையும் புதிய எண்ணெய் வந்த கலன்களிலேயே ஊற்றி மூடி, யாழ்ப்பாணத்தில் கழிவொயில் வாங்குவோரிடம் சேர்ப்பியுங்கள். படகில் இரண்டு மூன்று கலனுக்கு இடம் கிடைக்கும். புலத்திலிருந்து ஊரிலுள்ள ஜீப்புக்குப் பணம் அனுப்பும் உறவுகள், எண்ணெயின் விலையோடு அதன் திரும்பு பயணச் செலவையும் சேர்த்து அனுப்பினால் நன்று.

தடைக்காலத்தில் ஒரு துளி பெற்றோலையும் நிலத்திற் சிந்தாத மக்கள் நாம். அந்தக் கவனத்தைப் பழைய எண்ணெய்க்கும் காட்டினால் போதும்.