முற்றத்துக்கு வந்த வெளிச்சம்

திருவண்ணாமலையில் கோயிலைச் சுற்றிப் பழைய தெருக்கள்ல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். பக்கவாட்டுல ஜன்னல் வைக்க இடமே கிடையாது. வெளிச்சத்துக்கும் காத்துக்கும் நடுவில் வானம் பார்த்த முற்றம்தான் வழி.

நாட்டு ஓட்டுக் கூரைக்குக் கீழே அடுக்களை மட்டும் இருட்டாவே இருந்தது. 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஓடெல்லாம் ஒரே அளவு. அதனால ஒன்றை எடுத்துட்டு, அதே அச்சில் செய்த கண்ணாடி ஓட்டைச் செருக முடிஞ்சது. அடுப்படிக்கும் வெயில் வந்தது.

பிறகு பாகப் பிரிவினை, கான்கிரீட் தளம், மேல்மாடி. முற்றம் மூடிப்போச்சு. இப்போ உச்சிவேளையிலும் டியூப் லைட் எரியுது. இடிச்சுக் கட்டுறவங்க, நாலடிக்கு நாலடியாவது வானத்துக்கு விட்டுவைங்க.